சூடேறாத ஹீட்டர்: பெங்களூருவின் டீசல் பட்டறைகளும் குளிரின் வரலாறும்

மார்கழிக் காலையில் பெங்களூரு வீடுகளில் தேங்காய் எண்ணெய்ப் புட்டி வெள்ளையாக உறைந்து நிற்கும். அதை வெயிலில் வைத்தோ வெந்நீரில் நிறுத்தியோதான் தலைக்குத் தடவ முடியும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸிலேயே கெட்டிப்படத் தொடங்குவது. கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலே அமைந்த ஊரில் அது இயல்பு. அதே தெருவில் இரவு முழுவதும் திறந்தவெளியில் நின்ற சரக்கு லாரி, சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடும். அதன் தொட்டியிலுள்ள டீசல் உறைவதில்லை. ஆயினும் அந்த லாரியின் டீசல் வடிகட்டியின் தலைப்பகுதியில், டீசலைச் சூடாக்குவதற்கென்றே ஒரு சிறிய மின்உறுப்பு பொருத்தப்பட்டிருக்கக்கூடும். பெங்களூருவிலேயே ஓடும் வண்டியில் அவ்வுறுப்பு தன் ஆயுட்காலம் முழுவதும் ஒருமுறைகூட வேலை செய்யாமல் பழுதாகிவிடலாம். பழுதானதும் பட்டறையில் எழும் கேள்வி, அதை மாற்றுவதா, கழற்றி எறிவதா என்பது. பெரும்பாலும் கிடைக்கும் விடை கழற்றிவிடலாம் என்பதே. இந்த விடைக்குப் பின்னால் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளின் தொழில்நுட்ப வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றின் ஒரு பகுதி இன்று செல்லாததாகிவிட்டது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தென்னிந்தியப் பட்டறைத் தமிழில் 'ஹீட்டர்' என்ற சொல் நீண்டகாலமாக வேறொரு பொருளைச் சுட்டியது. எஞ்சினின் எரியறைக்குள் நீண்டு நின்று, கிளப்பும் நேரத்தில் அங்குள்ள காற்றைச் சூடாக்கும் முனையை 'ஹீட்டர் பிளக்' என்றே தொழிலாளர்கள் அழைத்தனர். அது சூடாக்குவது காற்றை. வடிகட்டியில் அமர்ந்திருக்கும் ஹீட்டர் சூடாக்குவது எரிபொருளை. முன்னது இல்லையேல் சில வண்டிகள் காலையில் கிளம்பத் திணறும் என்பது எல்லா மெக்கானிக்குகளுக்கும் தெரியும். பின்னது இல்லையேல் என்ன ஆகும் என்பதைப் பெங்களூருவில் நேரில் காண வாய்ப்பே இல்லை. ஒரே பெயர் இரண்டு உறுப்புகளுக்கு வழங்கும்போது, அறிந்த பொருளின் நிழல் அறியாத பொருளின்மேல் விழுகிறது. 'ஹீட்டர் போனால் காலையில் கொஞ்சம் தகராறு செய்யும், அவ்வளவுதான்' என்ற எண்ணம் முதல் ஹீட்டரிலிருந்து இரண்டாவதற்குத் தாவியதில் வியப்பில்லை.

டீசல் என்பது ஒற்றை வேதிப்பொருள் அன்று. பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றுள் நீண்ட சங்கிலி கொண்ட பாரஃபின்கள் மெழுகுத் தன்மை உடையவை. வெப்பநிலை இறங்கும்போது அம்மெழுகு நுண்படிகங்களாகப் பிரிந்து டீசலைக் கலங்கச் செய்யும். இன்னும் இறங்கினால் படிகங்கள் பெருகி வடிகட்டியின் துளைகளை அடைக்கும். அதற்கும் கீழே சென்றால் டீசல் ஓடுவதையே நிறுத்திவிடும். இம்மூன்று நிலைகளில் லாரிக்காரருக்கு முக்கியமானது நடுநிலை. தொட்டியில் டீசல் இன்னும் நீர்மமாகவே இருக்கும். ஆனால் எஞ்சினுக்குப் போய்ச் சேராது. இந்நிலையை அளப்பதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. டீசலைப் படிப்படியாகக் குளிர்வித்து, ஒவ்வொரு டிகிரியிலும் 45 மைக்ரான் கண்ணி கொண்ட சிறு வலைவழியே மெல்லிய உறிஞ்சல் கொடுத்து 20 மில்லிலிட்டர் இழுப்பர். 60 நொடிக்குள் அந்த அளவு ஏறாவிடில், அந்த வெப்பநிலையே 'குளிர் வடிகட்டி அடைப்புநிலை' எனக் குறிக்கப்படும்.

இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1460 இதற்கு வகுத்துள்ள வரம்புகள் ஆர்வமூட்டுபவை. நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான குளிர்காலத்தில் அடைப்புநிலை 6 டிகிரிக்கு மேல் இருத்தலாகாது. ஏனைய மாதங்களில் 18 டிகிரி வரை இருக்கலாம். ஐரோப்பியத் தரநிலை இதே அளவையை மிதமான நாடுகளுக்கு 5 டிகிரியில் தொடங்கி மைனஸ் 20 வரை ஆறு வகுப்புகளாகவும், ஆர்க்டிக் நாடுகளுக்கு மைனஸ் 44 வரை ஐந்து வகுப்புகளாகவும் பிரிக்கிறது. நம் தரநிலை சமவெளியை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது என்பது இவ்வொப்பீட்டிலிருந்தே விளங்கும். பெங்களூருவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி, அது 1884 ஜனவரி 13 அன்று பதிவானது. அதாவது பதிவேட்டிலுள்ள மிகக் குளிர்ந்த நாளில்கூட, குளிர்கால வரம்புக்கு உட்பட்ட டீசல் பெங்களூருவில் வடிகட்டியை அடைத்திருக்காது. (1884இல் டீசல் எஞ்சின் இல்லை என்பது வேறு. ருடால்ஃப் டீசல் தம் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது 1892இல். எஞ்சின் திருப்திகரமாக இயங்கியது 1897இல்.)

டீசலின் எஞ்சின் லாரிக்குள் ஏறுவதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. தொடக்கத்தில் எரிபொருளை எரியறைக்குள் ஊதுவதற்குத் தனியாக ஒரு காற்றழுத்தி தேவைப்பட்டது. அது தொழிற்சாலைக்கும் கப்பலுக்கும் பொருந்தியது. சாலை வண்டிக்குப் பெரும் பாரம். இத்தடையை நீக்கியது ராபர்ட் பாஷ் நிறுவனத்தின் டீசல் பம்ப். 1922இன் இறுதியில் தொடங்கிய அம்முயற்சி 1927இல் தொடர் உற்பத்தியாக மாறியது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு உந்துதண்டு என வரிசையாக நிற்கும் அப்பம்பே அடுத்த அரை நூற்றாண்டுக்கு உலகச் சாலைப் போக்குவரத்தின் இதயமாக இருந்தது.

பெங்களூரு இக்கதைக்குள் நுழைவது இங்கேதான். 1951இல் பாஷ் நிறுவனத்தின் கூட்டுறவோடு மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி தொடங்கப்பட்டது. ஆடுகோடியில் எழுந்த அதன் ஆலையில் ஸ்பார்க் பிளக்குகளும் டீசல் பம்புகளும் தயாராயின. காலமும் பொருத்தமாக அமைந்தது. 1954இல் டெல்கோ நிறுவனம் டைம்லர்-பென்ஸுடன் இணைந்து ஜாம்ஷெட்பூரில் டீசல் லாரிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. சென்னையில் அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. அவற்றின் எஞ்சின்களுக்கு வேண்டிய பம்பை இறக்குமதி செய்யாமல் நாட்டுக்குள்ளேயே செய்வது அன்றைய தொழிற்கொள்கையின் விருப்பம். நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரின் சுருக்கமான 'மைக்கோ' என்ற சொல், நாளடைவில் தென்னிந்திய லாரிப் பட்டறைகளில் பம்பின் அடையாளமாகவே ஆகிப்போனது. 2008இல் நிறுவனம் பாஷ் லிமிடெட் எனப் பெயர் மாறியது. ஆயினும் பி.டி.எம். பகுதியை ஒட்டிய மைக்கோ லேஅவுட் இன்றும் அப்பெயரோடு நிற்கிறது. அங்குள்ள காவல் நிலையத்திற்கும் அதே பெயர்தான். நிறுவனப் பெயர் ஊர்ப்பெயராகித் தன் மூலத்தைவிட நெடுநாள் வாழ்வது பெயராய்வில் புதிதன்று. இங்கே அது ஒரு தொழிலறிவின் ஆயுளையும் குறித்துக் காட்டுகிறது.

அத்தொழிலறிவு எத்தகையது? வரிசைப் பம்ப் முழுக்க முழுக்க இயந்திரவகையானது. தொட்டியிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஊட்டுபம்ப், கையால் அடிக்கும் பிரைமர், இரண்டு கிண்ணங்களாக நிற்கும் வடிகட்டி, பம்ப், நாசில் என்ற வரிசையில் எங்குமே மின்சாரம் கிடையாது. பழுது என்றால் அடைப்பு, கசிவு, தேய்மானம், அல்லது குழாய்க்குள் காற்று புகுதல். கடைசியதைத் தமிழ்ப் பட்டறைகள் 'ஏர் லாக்' என்றன. அதைப் போக்கும் வேலை 'ஏர் எடுப்பது'. திருகை அரைச்சுற்றுத் தளர்த்தி, பிரைமரை அடித்து, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை காத்திருப்பது ஒரு மெக்கானிக்கின் முதல் பாடம். கலாசிபாளையத்திலும் ஜே.சி. சாலையைச் சுற்றிய தெருக்களிலும் தமிழும் கன்னடமும் தக்னி உருதும் கலந்து பேசப்பட்ட பட்டறைகளில் இந்த அறிவு கையிலிருந்து கைக்குச் சென்றது. பம்பின் அளவைச் சரிபார்க்கும் சோதனைமேடை வைத்திருந்தவர்கள் அத்தொழிலின் மேல்படியில் இருந்தனர். அம்மேடையில் சோதனை எண்ணெய் சுமார் 40 டிகிரியில் வைக்கப்படும். டீசல் பம்ப் குறித்த அறிவு முழுவதும் வெதுவெதுப்பான எண்ணெயிலேயே கற்கப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது. குளிர் அந்தப் பாடத்திட்டத்தில் இல்லை.

குளிரை அறிந்தவர்கள் ஓட்டுநர்கள். வடக்கே சரக்கேற்றிச் சென்றவர்களிடம் மூன்று உபாயங்கள் இருந்தன. இரவு முழுவதும் எஞ்சினை அணைக்காமல் விடுவது முதலாவது. பம்பிலிருந்து மீண்டும் தொட்டிக்குத் திரும்பும் டீசல் எஞ்சினின் வெப்பத்தையும் கொண்டு செல்வதால் தொட்டி ஓரளவு வெதுவெதுப்பாக இருக்கும். டீசலில் மண்ணெண்ணெய் கலப்பது இரண்டாவது. மண்ணெண்ணெயில் மெழுகு மிகக் குறைவு; ஆகவே கலவையின் அடைப்புநிலை கீழிறங்கும். மூன்றாவது, எல்லாம் கைவிட்ட பிறகு, தொட்டிக்கும் எண்ணெய்க் கிண்ணத்திற்கும் அடியில் துணியையோ விறகையோ கொளுத்திச் சூடு காட்டுவது. இதன் அபாயத்தைச் சொல்லத் தேவையில்லை. மூன்று உபாயங்களிலும் பொதுவான ஒன்று உண்டு. குளிரின் செலவை ஏற்றது ஓட்டுநர்தான். எரிந்த டீசலும் உறங்காத இரவும் சுட்ட கையும் அவருடையவை.

உலகின் குளிர்நாடுகளில் இச்செலவை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் நெடுங்காலமாகப் பகிர்ந்துகொண்டன. பருவத்திற்கேற்ப டீசலின் தன்மையை அவை மாற்றும். இந்தியாவில் மலைப்பகுதிக்கெனத் தனி டீசல் பொதுமக்களுக்கான விற்பனை நிலையங்களுக்கு வந்தது மிக அண்மையில்தான். இந்தியன் ஆயில் நிறுவனம் பானிபட் ஆலையில் தயாரித்த, மைனஸ் 33 டிகிரி வரை ஓடுந்தன்மை இழக்காத குளிர்கால டீசல், 2019 நவம்பரில் லடாக்கில் அறிமுகமாயிற்று. லே, கார்கில் போன்ற உயரப் பகுதிகளை நோக்கியே அது வந்தது. அதற்கு முந்தைய பல பத்தாண்டுகள் அங்கு ஏறிய லாரிகள் சமவெளி டீசலோடும் மேற்சொன்ன உபாயங்களோடும் ஏறின.

சுத்திகரிப்பு ஆலைக்கும் ஓட்டுநருக்கும் இடையே மூன்றாவதாக வண்டித் தயாரிப்பாளர் வந்து சேர்ந்ததன் அடையாளமே வடிகட்டி ஹீட்டர். இது குளிருக்காக மட்டும் பிறந்ததாகக் கருதுவது பாதி உண்மையே. மறுபாதி, வடிகட்டி நுண்மையானதில் இருக்கிறது. வரிசைப் பம்பின் காலத்தில் நாசிலில் எழுந்த அழுத்தம் பெரும்பாலும் சில நூறு பார். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக அழுத்தம் ஏறியது. பாரத் ஸ்டேஜ் 4 விதி 2010இல் பெங்களூரு உள்ளிட்ட 13 நகரங்களிலும், 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. 2020 ஏப்ரலில் ஸ்டேஜ் 6 வந்தது. 'காமன் ரெயில்' என்னும் அமைப்பு 1600 பாரையும் தாண்டிய அழுத்தத்தில் டீசலை எப்போதும் ஆயத்தமாக வைத்து, மின்கட்டளையால் நாசிலைத் திறந்து மூடுகிறது. அத்தகைய அழுத்தத்தில் ஒரு நுண்துகள்கூட உலோகத்தை அரித்துவிடும். ஆகவே வடிகட்டித் தாளின் துளைகள் சில மைக்ரான் அளவுக்குச் சுருங்கின. தூசியைத் தடுக்கச் சுருக்கிய அதே துளை மெழுகுக்கும் எளிதில் அடைபடும். பழைய வடிகட்டி தாக்குப்பிடித்த குளிரில் புதிய வடிகட்டி மூச்சுத் திணறும். அதற்கான மருந்தாகவே ஹீட்டர் வடிகட்டியின் தலையில் ஏறியது.

அதன் உள்ளமைப்பு எளிமையானது. பெரும்பாலானவற்றில் பேரியம் டைட்டனேட் சார்ந்த பீங்கான் வில்லைகள் உள்ளன. இவை சூடேறச் சூடேறத் தம் மின்தடையைத் தாமே கூட்டிக்கொள்ளும்; ஆகவே கட்டுமீறிச் சூடாவதில்லை. வெப்பநிலை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் மட்டும் இணைப்பு கொடுக்கும் ஈருலோகப் பட்டை ஒன்றோ, எஞ்சின் கணினியின் கட்டளைக்குப் பணியும் ரிலே ஒன்றோ உடனிருக்கும். பெங்களூருவில் அந்தப் பட்டை வளைவதில்லை. ஆகவே அங்கு ஹீட்டர் உழைத்துத் தேய்வதில்லை. சும்மா இருந்தே கெடுகிறது. இணைப்பு முள்ளில் மழைநீர் இறங்கிப் பச்சை பூக்கும். முள்ளைச் சுற்றிய பிளாஸ்டிக் வெடிக்கும். தலைக்கும் உறுப்புக்கும் இடையிலுள்ள ரப்பர் வளையம் இறுகிச் சுருங்கும். கடைசியாகச் சொன்னதுதான் தலைவேதனை. வடிகட்டி, ஊட்டுபம்பின் உறிஞ்சு பக்கத்தில் இருக்கும் வண்டிகளில் அந்த இடைவெளி டீசலை வெளியே சொட்டவிடாது. காற்றை உள்ளே இழுக்கும். தரையில் ஒரு துளி ஈரமும் இராது; வண்டி மட்டும் மேட்டில் நின்றுவிடும். ஏர் எடுத்தால் மறுபடி ஓடும். மறுநாள் மறுபடி நிற்கும்.

மின்பக்கப் பழுதின் விளைவு இன்னும் விசித்திரமானது. 1994 முதல் 2003 வரை ஃபோர்டு லாரிகளில் வந்த 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் எஞ்சின் இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு. அதில் வடிகட்டிக் கிண்ணத்தின் ஹீட்டரும் எஞ்சின் கணினியும் ஒரே ஃபியூஸைப் பகிர்ந்தன. ஹீட்டர் உள்ளுக்குள் குறுக்கிணைந்தால் ஃபியூஸ் போகும், கணினி அணையும், வண்டி நடுவழியில் நிற்கும். டீசலைக் காக்க வந்த உறுப்பு எஞ்சினை நிறுத்தும் உறுப்பானது. உரிமையாளர்கள் பலர் இணைப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினர். கழற்றிவிடும் வழக்கம் பெங்களூருவுக்கு மட்டும் உரியதன்று என்பதற்காகவே இதைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. குளிர் மிகுந்த நாட்டிலேயே அவர்கள் அவ்வாறு செய்யத் துணிந்ததற்குக் காரணம், அங்கே விற்பனை நிலையத்தில் கிடைக்கும் டீசல் பருவத்திற்கேற்பத் தயாரிக்கப்பட்டது. ஒரு தடுப்பு விலகினாலும் இன்னொன்று இருந்தது.

கழற்றுவதிலும் முறை உண்டு. அதைப் பட்டறைகள் எப்போதும் கைக்கொள்வதில்லை. ஹீட்டரை எடுத்த துளையை அதே அளவுள்ள மூடியாலும் புதிய வளையத்தாலும் அடைக்க வேண்டும். வெறும் பசையால் அடைத்தால் டீசல் அதை அரித்துச் சில மாதங்களில் காற்று மீண்டும் புகும். மின்கம்பி முனையைத் தனித்தனியாக உறையிட்டு மேலே கட்ட வேண்டும். தொங்கவிட்டால் சட்டகத்தில் உரசி அடுத்த ஃபியூஸைக் கொண்டுபோகும். கணினி கண்காணிக்கும் வண்டியாக இருப்பின், இல்லாத உறுப்பைத் தேடி எச்சரிக்கை விளக்கு எரியும். சரிசெய்வது அத்தனை கடினமும் அன்று. ஃபியூஸ், ரிலே, இணைப்பு, உறுப்பின் மின்தடை என்ற வரிசையில் ஒரு மீட்டரை வைத்துப் பார்த்தால் அரைமணி நேரத்தில் குறை பிடிபடும். பல வேளைகளில் கெட்டது இணைப்பு மட்டுமே. ஆனால் வடிகட்டித் தலை முழுவதையும் ஒரே உறுப்பாக விற்கும் வழக்கம் பரவியபின், சிறு பழுதுக்குப் பெரும் விலை கொடுக்க உரிமையாளர் தயங்குகிறார். மழைக்காலத்தில் மட்டும் தொல்லை தரும் பொருளை, அதுவும் ஒருநாளும் உதவாத பொருளை, ஏன் வாங்கவேண்டும் என்று அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பெங்களூருவுக்குள் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றும் லாரிக்கு அந்த நியாயம் முழுமையாகப் பொருந்தும்.

ஆனால் பெங்களூருவின் நடுவே தேசிய நெடுஞ்சாலை 44 செல்கிறது. கன்னியாகுமரியில் தொடங்கி மதுரை, நாமக்கல், சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூருவைக் கடந்து, ஐதராபாத், நாக்பூர், டெல்லி, பத்தான்கோட், ஜம்மு எனச் சென்று ஸ்ரீநகரில் முடியும் சாலை அது. நாமக்கல், சங்ககிரி லாரிகளும் திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகளும் நாடு முழுவதும் ஓடுவதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. ஆடுகோடி பம்போடு வளர்ந்த பட்டறையில் நிற்கும் லாரி, இரண்டு வாரம் கழித்து பனிஹாலில் ஆப்பிள் ஏற்றி வரிசையில் நிற்கலாம். 2021 ஜனவரியில் ஸ்ரீநகரின் வெப்பநிலை மைனஸ் 8 டிகிரிக்கும் கீழே இறங்கியது.

ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். தொட்டி 350 லிட்டர், லிட்டருக்கு 4 கிலோமீட்டர் எனக் கொண்டால், பெங்களூருவில் நிரப்பிய டீசல் 1400 கிலோமீட்டர் வரும். நாக்பூரைத் தாண்டி மத்தியப் பிரதேசத்திற்குள் எங்கோ தீரும். ஆகவே காஷ்மீரில் வடிகட்டிக்குள் இருப்பது தென்னாட்டு டீசல் அன்று. பெரும்பாலும் பஞ்சாபிலோ ஜம்முவிலோ நிரப்பியது. அது குளிர்கால வரம்பைச் சரியாகப் பின்பற்றிய டீசல் என்றே வைத்துக்கொள்வோம். அவ்வரம்பு உறுதியளிப்பது 6 டிகிரி வரைதான். 6 டிகிரிக்கும் மைனஸ் 8 டிகிரிக்கும் இடைப்பட்ட 14 டிகிரியை யார் ஏற்பது? லடாக்கின் குளிர்கால டீசல் இந்தச் சாலையின் பெரும்பகுதியில் விற்கப்படுவதற்காக வந்ததன்று.

பழைய லாரியில் இந்த இடைவெளியை ஓட்டுநர் மண்ணெண்ணெயால் நிரப்பினார். வரிசைப் பம்பின் கேம் தண்டு தனக்கென எஞ்சின் எண்ணெயில் குளித்துக்கொண்டிருந்தது. உந்துதண்டுகள் மட்டுமே டீசலின் வழவழப்பை நம்பியிருந்தன. மண்ணெண்ணெய் கலந்தால் தேய்மானம் கூடும். ஆனாலும் பம்ப் பிழைத்துக்கொள்ளும். தேய்ந்தால் சோதனைமேடையில் ஏற்றிச் சரிசெய்ய மைக்கோ பட்டறை இருந்தது. காமன் ரெயில் பம்புகளில் பல, உள்ளுறுப்புகள் அனைத்தையும் டீசலாலேயே வழவழப்பாக வைத்துக்கொள்பவை. அவற்றில் மண்ணெண்ணெய் ஊற்றினால் உலோகத்தை உலோகம் உராயும். உதிர்ந்த துகள் ரெயிலுக்கும் நாசிலுக்கும் பரவும். முழு அமைப்பையும் மாற்ற நேரும். அச்செலவின் முன்னே வடிகட்டித் தலையின் விலை ஒன்றுமில்லை.

ஆக, ஹீட்டரைக் கழற்றும் வழக்கம் ஒரு முன்ஊகத்தின்மேல் நின்றது: குளிர் வந்தால் ஓட்டுநர் பார்த்துக்கொள்வார். அந்த ஊகம் ஆடுகோடியின் வரிசைப் பம்போடு பிறந்தது. அப்பம்போடு பழக்கத்திலிருந்து நீங்கவில்லை. இதைப் பட்டறைக்காரரின் அறியாமை என்று சொல்வது எளிது, சரியன்று. அவருக்கு முன்னே வரும் லாரியின் பதிவெண் அது எந்த மாநிலத்தது என்பதைச் சொல்லும். எந்தச் சாலைக்குப் போகிறது என்பதைச் சொல்லாது. ஹீட்டர் எதற்காக இருக்கிறது என்பதை வடிகட்டிப் பெட்டியின்மேல் தமிழிலோ கன்னடத்திலோ எழுதித் தருவாரும் இல்லை.

ஆடுகோடி ஆலை இருந்த வளாகம் இன்று ஆலை அன்று. உற்பத்தி நகருக்கு வெளியே பிடதிக்குச் சென்றது. 2022 ஜூனில் அவ்விடத்தில் தொழில்நுட்ப வளாகம் ஒன்று திறக்கப்பட்டது. மென்பொருள் எழுதுவோர் அங்கே பணிபுரிகின்றனர். வளாகத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், ஓசூர் சாலையில் வடக்கு நோக்கித் திரும்பும் லாரிகள் இரவில் நகருக்குள் நுழையும் நேரத்திற்காக வரிசையில் நிற்கின்றன. அவற்றுள் எத்தனையின் வடிகட்டித் தலையில் ஹீட்டர் இருக்கிறது, எத்தனையில் மூடி மட்டும் இருக்கிறது என்பது பானட்டைத் திறந்தால்தான் தெரியும்.